மனை பார்க்கப் போகும் வேன்

தங்கமாரி அந்த வேனில் ஏறியது கால் செய்த தப்பு. காலையில் படப்பை நிறுத்தத்தில் கம்பெனியின் வெள்ளை வேன் வந்து நின்றால் ஏறி உட்கார்ந்து ஏழு வருடம் பழகிய கால். போன் சார்ஜர் செய்யும் அந்தக் கம்பெனியில் அவள் வேலை பார்த்த லைனை மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. அறையில் கூட இருந்த பெண்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். ஐந்து நாள் தலைகூடச் சீவாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், டீத்தூள் தீர்ந்துபோய்த் தெருவுக்கு வந்தாள். வெள்ளை வேன் நின்றது, ஏறிவிட்டாள். ஒரகடம் தாண்டிய பிறகுதான் அது வீட்டுமனை காட்டக் கூட்டிப்போகும் இலவச வண்டி என்று தெரிந்தது.

சும்மா வந்தவள் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று, கொடி நட்ட பொட்டலில் இறங்கியதும் மனை விற்கும் ரகுபதியிடம் கேள்வி கேட்டாள். தண்ணீர் எத்தனை அடியில்? மழைக்கு முழங்கால் வரையா, இடுப்பு வரையா? சுடுகாடு எந்தப் பக்கம்? சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைத்துக் கேட்டபோது, மரத்துக் கிடந்த உடம்பில் சுள்ளென்று ரத்தம் ஓடியது. அன்று கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தை மிச்சம் வைக்காமல் தின்றாள்.

மறுநாள் தலை சீவிக்கொண்டு போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். மூன்றாவது வாரத்தில் மற்றவர்கள் அவள் வாயைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசினார்கள். அட்வான்ஸோடு வந்த வாத்தியார் ஒருவர், இந்தப் பொண்ணே யோசிக்குது என்று பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அடுத்த நாள் காலை ரகுபதி வேன் கதவை மறித்து நின்றான்.

"நீ வாங்க மாட்டேன்னு மொத நாளே தெரியும்மா. சீட்ட ரொப்பிக்கினு வந்தா கூட்டமா தெரியுமேன்னு வுட்டேன். இப்ப என் பொழப்புலயே கை வெக்கிற. ஏறாத."

பேரத்தில் விட்டுக்கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. இருந்த உண்மையை எடுத்து வைத்தாள்.

"ரூம்ல உக்காந்தேம்னா எந்திரிக்க மாட்டேன் அண்ணாச்சி. எங்கயாவது போய்க்கிட்டே இருக்கணும்."

ரகுபதி இரக்கப்படுகிற ஆள் இல்லை. ஆனால் கைக்கு வந்த சரக்கை வீணாக்குகிற ஆளும் இல்லை. எதிர்ப்பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த போட்டிக்காரனின் நீல வேனை மோவாயால் காட்டினான்.

"அவன் வல்லம் வடகால் ஊராண்ட மனை போட்டுக்கீறான். டெய்லி வண்டி. அங்க போயி வாய் வலிக்கிற வரிக்கும் கேளு. என் வண்டில வாரத்துக்கு ஒரு நாள் வா. வாய மூடிக்கினு வா."

"மூணு நாள்."

"ரெண்டு."

"சரி, ரெண்டு. ஆனா வாய மூட முடியாது. நாளைக்கு நாலு கேள்வி."

நீல வேன் நகரத் தொடங்கியது. பதிலுக்குக் காத்திருக்கவில்லை, கையைக் காட்டியபடி சாலையின் குறுக்கே ஓடினாள். ஒரு ஷேர் ஆட்டோக்காரன் பிரேக் போட்டுத் திட்டினான். ரெண்டே கேள்விதான் என்று ரகுபதி பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. அதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.