திரைக்குப் பின்னால் ஒரு புள்ளி

ஆண்டாங் ஊர் கன்பூசியஸ் மண்டபத்தில் வசந்த பூஜை முடிந்துவிட்டது. படையல் கள்ளை ஆளுக்கொரு வாய் குடித்தாயிற்று. ஆனாலும் பெரியவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மேங் பூட்ஸைக் கழற்றாமல் மரத்தரையில் ஏறி நின்றிருந்தான்.

எல்லாரிலும் மூத்தவர் குவோன் இக்ஜே. அவர் மடியில் மேங் கொண்டுவந்த ஒரு தாள் கிடந்தது. ‘நாடு ஒரு குடும்பம். அதிபர் அதன் தகப்பன். தகப்பனைப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஞானி கன்பூசியஸின் வழிவந்த நாங்கள் இதை ஏற்கிறோம்.’ நாளைய பேப்பரில் இது வரவேண்டும்.

அதிபரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நாடெங்கும் மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்த 1987 அது. இக்ஜேவின் மகன் தேக்யூவைப் போன வாரம் தேகு நகரில் போலீஸார் பிடித்துப் போனார்கள். மேங் காலையில் அவர் காதோரம் குனிந்து சொன்னது ஊருக்கே தெரிந்துவிட்டது. “கையெழுத்துப் போடுங்க பெரியவரே. சாயங்காலம் பையன் வீட்ல சாப்பிடுவான். இல்லேன்னா, அவன் இருக்குற அறைல ஜன்னல் கிடையாது.”

அந்த மண்டபத்தில் மூத்தவர் முதலில் பேசுவார். மற்றவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள். அதனால்தான் மேங் அவர் ஒருவரை மட்டும் குறிவைத்தான். இக்ஜேவுக்குத் தன் வாயை நினைத்தே பயமாக இருந்தது. திறந்தால் ‘சரி’ என்றுதான் வரும்.

“என்ன யோசனை?” என்றான் மேங். “பெரியவங்களுக்குப் பணிஞ்சு நட, ராஜாவுக்கு விசுவாசமா இரு. உங்க ஞானி சொன்னதுதானே?”

“ராஜா தப்பு பண்ணா முகத்துக்கு நேரா சொல்லுன்னும் சொல்லியிருக்காரு தம்பி,” என்றார் மூலிகைக் கடை ஹாக்சு. “அந்தப் பக்கத்தை மட்டும் உங்க ஆபீஸ்ல எலி தின்னுடுச்சு போல.”

யாரும் சிரிக்கவில்லை.

“புள்ளி வைப்போம்,” என்றார் இக்ஜே. குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார்.

மண்டபத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பழைய வழக்கம் அது. மடக்குத் திரைக்குப் பின்னால் காகிதம் இருக்கும். ஒவ்வொருவராகப் போய்த் தூரிகையால் ஒரு புள்ளி வைப்பார்கள். பெரியவரைப் பார்த்து யாரும் வைத்துவிடக் கூடாதே என்று இளையவர்தான் முதலில் போவார்.

“எதையோ வைங்க. சீக்கிரம் ஆகட்டும்,” என்றான் மேங்.

இக்ஜேவின் முறை கடைசியில் வந்தது. திரைக்குப் பின்னால் போய்க் காகிதத்தைப் பார்த்தார். ‘ஏற்கிறோம்’ என்ற பக்கம் முழுக்கப் புள்ளிகள். ‘மறுக்கிறோம்’ என்ற பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. எலியைப் பற்றிப் பேசிய ஹாக்சுவும் இந்தப் பக்கம்தான் வைத்திருக்கிறார். எல்லாம் தேக்யூவுக்காக. தானும் அங்கே ஒரு புள்ளி வைத்துவிட்டால் போதும். மகன் வந்துவிடுவான். தூரிகையை மையில் தோய்த்து எடுத்தார்.

காகிதத்தை வாங்கிப் பார்த்த மேங்கின் முகம் கறுத்தது. எதிர்ப்பக்கம் ஒரே ஒரு புள்ளி.

“ஒருமனதா வேணும்னுதான் மேலிடத்து உத்தரவு. யாரு வச்சது இது?”

அவன் இக்ஜேவின் பக்கம் திரும்பினான். “பேரை மட்டும் சொல்லுங்க பெரியவரே. அந்த ஆளைக் கூட்டிட்டுப் போறேன், உங்க பையனை விட்டுடறேன்.”

“என்னுதுதான்.”

ஹாக்சு தலையில் அடித்துக்கொண்டார். “அண்ணே, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? மனசைக் கல்லாக்கிட்டு உங்க பிள்ளைக்காகத்தானே நாங்க வச்சோம்?”

“தெரியும்டா. எல்லாரும் என் பிள்ளைக்கு வச்சீங்க. கேட்ட கேள்விக்கு யாருமே வைக்கலையே. ஒருத்தனாவது வைக்க வேண்டாமா?”

மேங் தாளை மடித்துப் பைக்குள் திணித்தான். “அப்ப வாங்க. பையன்கிட்டயே போய்ச் சொல்லலாம்.”

இக்ஜே காரில் ஏறும்போது, பூஜைக்கு அணிந்திருந்த குதிரைமயிர்த் தொப்பி கூரையில் இடித்தது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கார் தேகு சாலையில் திரும்பியபோதுதான் புதிய பயம் ஒன்று வந்தது. இதுவரை மகனைப் பார்க்க முடியாமல் போய்விடுமோ என்று பயந்தார். இப்போது, எந்தக் கோலத்தில் பார்க்கப் போகிறோமோ என்று பயந்தார்.