மீரிம் தேர்ந்தெடுத்த லினக்ஸ்

கரகோல் நகரில் பல் மருத்துவமனை நர்ஸாக இருந்த மீரிமின் கணினி பழையது. புதிய விண்டோஸ் அதில் ஏறாது என்று திரையிலேயே வந்துவிட்டது. வேறு கணினி வாங்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் விளையாட்டை விடவும் முடியாது. கொரியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போன தம்பி மக்சத் போனில் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டான். மைக்கை மாட்டிக்கொண்டு அக்காவோடு விளையாடும்போதுதான் வாய் திறப்பான்.

விண்டோஸுக்குப் பதில், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடலாம் என்று முடிவெடுத்தாள். லினக்ஸில் பல வகை; எது என்பதில்தான் வம்பு வந்தது. செல்போன் பழுது பார்க்கும் அசாத், ஆர்ச்தான் சரி, எல்லாவற்றையும் நம் இஷ்டப்படி அமைத்துக்கொள்ளலாம் என்றான். தலைநகர் பிஷ்கெக்கில் புரோகிராமராக இருக்கும் சித்தி மகள் சலிமா, ஃபெடோராவைத் தவிர வேறெதையும் தொடாதே என்றாள். டெலிகிராம் குழுவில் இருவரும் இரண்டு நாள் மல்லுக்கட்டினார்கள். மீரிம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "சரி, நீங்க ரெண்டு பேரும் கடைசியா எப்ப கேம் ஆடினீங்க?"

பிறகு அசாத் எழுதினான்: "செட் பண்ணி முடிச்சதும் ஆடலாம்னு இருக்கேன்க்கா. மூணு வருஷமா."

இருவரும் சொன்னதோடு மின்ட் என்ற இன்னொரு வகையையும் சேர்த்து, மூன்றையும் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தாள். ஆர்ச் கட்டளை தட்டும் கறுப்புத் திரையோடு நின்றது; மற்ற இரண்டிலும் வைஃபை பிடித்தது, மைக் வேலை செய்தது. மின்ட்டில் மட்டும் எது எங்கே இருக்கிறதென்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதையே போட்டாள். அவளிடமிருந்த விளையாட்டுகள் பெரும்பாலும் ஓடின. ஞாயிறுதோறும் ஆடும் துப்பாக்கிச் சண்டை மட்டும் உள்ளே விடவில்லை. ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்க அதோடு வரும் காவல் புரோகிராம் எந்த லினக்ஸையும் ஏற்காதாம்.

ஞாயிறு மதியம் தயங்கித் தயங்கித் தம்பியிடம் சொன்னாள்.

"அப்ப அது இனிமே கிடையாதா?" என்றான் மக்சத்.

"கிடையாதுடா. உனக்குப் பிடிச்ச கேமாச்சே."

"எனக்கா? நீ ஆசைப்படுறேன்னுதானேக்கா நான் வந்தேன். அந்தச் சத்தத்துக்கு ஃபேக்டரியே தேவலாம்."

மீரிமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு வருடமாக அவளும் அவனுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டுக்கொண்டிருந்தாள்.

லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பிடித்தார்கள். ஆளுக்கொரு லாரி, ஒருவர் பின்னால் ஒருவர். மக்சத் அறைத்தோழனின் குறட்டையைப் பற்றிச் சொன்னான். பிறகு, வேலை ஒப்பந்தம் முடிந்தாலும் ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்றான். அங்கே அவனுக்கு ஒருத்தியைப் பிடித்துப்போயிருந்தது. மீரிமின் வண்டி சற்று ஓரம் போயிற்று. நேராக்கிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட நீ சொல்றியாக்கா?"

"மொதல்ல என்கிட்ட முழுசா சொல்லு. இன்னும் நூத்தம்பது கிலோமீட்டர் இருக்கு."

அவன் சொல்லத் தொடங்கினான்.