ஐந்து பேரிடமும் சரி என்றவர்

அரியலூரில் வயரிங் வேலை பார்க்கும் வீரமணி, புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் ஏணியிலிருந்து சறுக்கி விழுந்து வலது காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்ட டாக்டர், ஆறு வாரத்துக்குக் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார். நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாக அவர் பகல் முழுக்க வீட்டில் இருந்தார்.

டிவி மூன்று நாளில் சலித்துப்போனது. போன் மட்டும் ஓயவில்லை. வேலைக்குக் கூப்பிட்ட எல்லோரிடமும், கட்டுப் பிரித்ததும் முதல் வேலை உங்களுடையதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அவர் மனைவி மணிமொழி கணக்கு வைத்துப் பார்த்ததில், அந்த முதல் வேலை பதினோரு பேருக்குப் போயிருந்தது.

மணிமொழி இ-சேவை மையத்தில் வேலை செய்கிறவள். சான்றிதழுக்கு வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், ஒரு பேப்பர் குறைந்தால், "இது இல்லாம ஆவாதுங்க, போயி எடுத்துட்டு வாங்க" என்று சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பிவிடுவாள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவளைத் தெருவில் பார்த்தால் வணக்கம் வைத்தார்கள். வீரமணிக்கு அது எப்படியென்று ஒருநாளும் புரிந்ததில்லை.

இரண்டாம் வாரம் அவள் தம்பி அறிவரசன் சென்னையிலிருந்து பார்க்க வந்தான். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டு வந்தவன், போகும்போது தன் பையிலிருந்து கையில் பிடித்து விளையாடும் கேம் கருவி ஒன்றையும் எடுத்துக் கொடுத்தான். அதில் முப்பது வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் கேம் ஒன்று இருந்தது. இப்போது இங்கிலீஷில் மாற்றி மறுபடியும் விட்டிருக்கிறார்களாம்.

"சுடுறதும் இல்ல, ஓடுறதும் இல்ல மாமா. கதப் பொஸ்தகம் மாதிரி படிச்சுகிட்டே போவணும். நடுநடுவுல, இப்ப என்ன செய்யலாம்னு உங்களக் கேக்கும். நீங்க சொல்ற பதிலுக்குத் தக்கன கத மாறும்."

ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கிருக்கும் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு பையன் சேர்கிறான். அந்தப் பையன்தான் வீரமணி. வகுப்பில் ஐந்து பெண்கள். கோடை விடுமுறை முடியும்போது கடற்கரையில் திருவிழா, வாணவேடிக்கை. அதற்கு அவன் பக்கத்தில் யார் வந்து நிற்பார்கள் என்பதுதான் கதை. பெயர் போடும் இடத்தில் எட்டு எழுத்துக்கு மேல் இங்கிலீஷில் இடமில்லாததால் கடைசி எழுத்து விழுந்துவிட்டது. ஐந்து பெண்களும் அவரை வீரமன் என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அதுவும் பிடித்துத்தான் இருந்தது.

தெரியாத வார்த்தைகளை போனில் பார்த்துப் பார்த்து, நான்கு நாளில் கதையை முடித்தார். ஹருனோ என்ற பெண் நூலகப் புத்தகங்களைத் தூக்கி வரக் கேட்டாள். சரி என்றார். டென்னிஸ் ஆடும் பெண் தினமும் பந்து பொறுக்கக் கூப்பிட்டாள். அதற்கும் சரி. மீன் கடைக்காரர் மகள் கிக்கு மட்டும் எந்த உதவியும் கேட்கவில்லை, எதிரில் வந்தபோதெல்லாம் திட்டினாள். அவளுடைய மீன் கூடையை இவராகவே போய்த் தூக்கினார். திருவிழாவுக்கு வருகிறாயா என்று ஆள் மாற்றி ஆள் கேட்டபோது, ஒருத்தி மனதையும் நோகடிக்காமல் எல்லோரிடமும் வருகிறேன் என்றார்.

திருவிழா வந்தது. கடற்கரையில் காகித விளக்குகளுக்குக் கீழே வீரமன் தனியாக நின்றான். வாணம் வெடித்தது. முடிவு என்று எழுத்து வந்தது.

ஏதோ பொத்தானை மாற்றி அமுக்கிவிட்டோம் என்று நினைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை இன்னும் கவனமாக, இன்னும் தன்மையாக நடந்துகொண்டார். மறுபடியும் தனியாக நின்றார். மூன்றாவது முறை பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். மணி என்ன என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மணிமொழி அன்று வெகுநேரம் சிரித்தாள். "ஜப்பானுக்குப் போயும் நீங்க மாறல," என்றாள்.

மறு வாரம் ஒரு மாலையில் வீரமணி கேமைத் திறந்தபோது ஒன்றைக் கவனித்தார். அதில் முடிவுகளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. பார்க்காத முடிவுகள் சாம்பல் நிறக் கட்டமாக இருக்கும். அவருக்கு ஒரு கட்டம்தான் திறந்திருந்தது, கடற்கரையில் தனியாக நிற்கிற படம். இப்போது இன்னும் இரண்டு திறந்திருந்தன. ஒன்றில் கிக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அறிவரசனுக்குப் போன் போட்டுக் கேட்டார். நான் ஆடியதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன் என்று அவன் சொன்னான். அப்படியானால் வீட்டில் அவரைத் தவிர இருப்பது ஒரே ஆள்தான். கேட்டதும் மணிமொழி மறைக்கவில்லை. மதியம் அவருக்குச் சோறு போட வீட்டுக்கு வருகிறவள், அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த பிறகு தினமும் அரைமணி நேரம் விளையாடியிருக்கிறாள்.

"எப்புடி முடிச்ச?" என்று வீரமணி கேட்டார்.

"கிக்குகிட்ட மட்டும் பேசுனேன். மத்தவங்க கூப்புட்டப்ப இன்னிக்கு முடியாதுன்னேன்."

"கோவிச்சுக்கலயா?"

"ஒருத்தி மூஞ்சத் தூக்கி வச்சுகிட்டா. ரெண்டு நாள்ல பழயபடி பேசுனா."

வீரமணிக்கு அது புதுச் சேதியாக இருந்தது. ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

கட்டுப் பிரித்தார்கள். கம்பு ஊன்றி நடக்கலாம், ஏணி மட்டும் ஏறக் கூடாது என்றார் டாக்டர். அடுத்த வியாழக்கிழமையை அவர் இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தார். திருமானூர் ராஜவேல் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு லைட் போட வேண்டும். லப்பைக்குடிக்காட்டில் சிக்கந்தர் பாய் ஆரம்பிக்கும் செல்போன் கடைக்கு வயரிங் செய்ய வேண்டும். வழக்கமாக இப்படி நேர்ந்தால் இரண்டு இடத்துக்கும் "கிளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு எங்காவது ஓரிடத்துக்குச் சாயங்காலம் போய்ச் சேர்வார். இந்த முறை ஒருவரிடம் முடியாது என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ராஜவேலைக் கூப்பிட்டு, தம்பி கோவிச்சுக்கக் கூடாது, வியாழக்கிழமை என்னால வர முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னார்.

ராஜவேலின் பதில் உடனே வந்தது.

"அண்ணே, நீங்க வரேன்னு சொன்ன அன்னிக்கே இங்க உள்ளூர்ல ஒரு ஆளப் புடிச்சுட்டேன். போன வாரமே வேல முடிஞ்சுது. நீங்க சாப்புட வந்துடுங்க."

போனை வைத்த வீரமணிக்கு மனசு சுருக்கென்றது. மணிமொழியிடம் சொன்னார். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள். கேட்டால் வருகிறேன் என்பார், கேட்காவிட்டால் வருத்தப்படுவார் என்று ஒரு வார்த்தைக்காகக் கேட்டுவிட்டு, வேறு ஆளையும் சொல்லி வைத்துக்கொள்வார்களாம்.

"நம்ம வூட்டு பாத்ரூம் சுச்சு பொங்கலுக்கு முன்னாடி ஆரு மாத்துனதுன்னு நெனக்கிறீங்க?"

தானே மாற்றியதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை விடிந்ததும் கம்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, பெரம்பலூரில் இறங்கி வேறு பஸ் பிடித்து, ஒன்பது மணிக்கெல்லாம் சிக்கந்தர் பாய் கடை வாசலில் போய் நின்றார். பாய் அவரையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொன்ன தேதிக்கு வந்துட்டீங்களேண்ணே," என்றார். "வருவீங்கன்னு நெனக்கல. அதான் ஒயரே வாங்கி வைக்கல."

ஒயரும் பைப்பும் வாங்கிவரும் வரை வீரமணி ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார். பிறகு இவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, சிக்கந்தர் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். இவர் சொல்லச் சொல்ல அவர் முடுக்கினார். கீழே சுவிட்ச் போர்டு வேலையெல்லாம் வீரமணியே பார்த்தார். மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் எல்லா விளக்குகளும் எரிந்தன. பாய் ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். நடுவில் வந்த மூன்று போனையும் வீரமணி எடுக்கவில்லை. அன்றைக்கு மாதிரி நிம்மதியாக அவர் வேலை செய்து பல வருஷமாகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேமை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஹருனோவிடம் மட்டும் பேசினார். மற்றவர்களிடம் முடியாது என்று அமுக்கும்போது ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்துக்கொண்டார். திருவிழாவில் ஹருனோ நீல நிறப் பாவாடைபோல் ஓர் ஆடையில் வந்து பக்கத்தில் நின்றாள். வாணம் வெடித்தது. அவள் ஏதோ சொன்னாள். அவர் அதைச் சரியாகப் படிக்காமல் பொத்தானை அமுக்கி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தார்.

என்ன தேடுகிறீர்கள் என்று மணிமொழி எட்டிப் பார்த்தாள்.

"மத்த நாலு பேரும் என்ன ஆனாங்கன்னு எங்கயாவது சொல்லுதான்னு பாக்கறேன். பாவம், வரேன்னு சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க."

"அவங்க நல்லாத்தான் இருப்பாங்க," என்றாள் மணிமொழி. "உங்கள நம்பியா இருக்காங்க?"

பிறகு, நகருங்கள், எனக்கு இன்னும் இரண்டு பேர் பாக்கி இருக்கிறார்கள் என்று சொல்லிக் கருவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வீரமணி பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் முடியாது என்று அமுக்கும் இடம் ஒவ்வொன்றிலும் உச்சுக்கொட்டிக்கொண்டு பார்த்தார்.