ஸ்டாப்பர் இல்லாத பிரேக்

விடியறதுக்குள்ளயே எங்க டெஸ்ட் ஷெட்டு சூடாயிடும். டீசல் புகை தொண்டையில ஒட்டிக்கும், எச்சி துப்புனா கருப்பா வரும். பெருங்களத்தூர் ஸ்டேஷன்ல முதல் வண்டியில வந்து எறங்கி பீர்க்கன்கரணை ஏரி பக்கமா நடந்து வந்தா எங்க இடம். ஃபிட்டர் ஏசுபாதம் அண்ணா அதுக்கு முன்னாடியே வந்து வால்வு கவரைக் கழட்டிகிட்டு இருப்பாரு. சரசு அக்கா ஹெல்பர்னு பேரு, ஆனா பாதி ஃபிட்டர் வேலை அவங்க கையிலதான். நான் பேபி. டிப்ளமோ மெக்கானிகல், டிராயிங் போடுறவ. டிராயிங் ரூம்ல உக்காந்தா எனக்கு இருப்பு கொள்ளாது, அதான் காலையிலயே இங்க வந்து ஸ்பானர் புடிக்கிறது.

பண்ணிகிட்டு இருந்தது லாரிக்கு இஞ்சின் பிரேக்கு. மலை எறக்கத்துல கால் பிரேக்கையே மிதிச்சுகிட்டு வந்தா டிரம் சூடாயி பிரேக்கே புடிக்காம போயிடும். அதுக்கு பதிலா இஞ்சினையே இழுத்துப் புடிக்க வெக்கலாம். சிலிண்டர் காத்தை நல்லா அமுக்கும் இல்ல, அது திரும்பி உதைக்கறதுக்குள்ள எக்ஸாஸ்ட் வால்வை லேசா தொறந்து விட்டா போதும், வண்டி அப்படியே முக்கிகிட்டு நிக்கும். மத்தவங்க இதுக்கு இஞ்சின் மேல பெரிய டப்பா ஒண்ணு வெப்பாங்க. எனக்கு அது புடிக்கல. வால்வை அமுக்குற ராக்கர் ஆர்முக்குள்ளயே வெரல் நுனி சைஸுக்கு ஒரு குட்டி பிஸ்டன், அதுக்குப் பின்னாடி ஆயில், ஆயில் திரும்பிப் போகாம தடுக்க ஒரு சின்ன இரும்புக் குண்டு. ஸ்விட்ச் போட்டா குட்டி பிஸ்டன் வெளிய வரும், வால்வு லேசா தொறக்கும். எல்லாம் பழைய கவருக்குள்ளயே அடங்கிடணும். அத நெனச்சா எனக்கு சாப்பாடே எறங்காது, அவ்ளோ ஆசை.

ஆனா அடங்கல. நாலு மில்லிமீட்டர் இடிச்சுது.

இடிச்சது ஸ்டாப்பர். குட்டி பிஸ்டன் இதுக்கு மேல வரக்கூடாதுன்னு தடுக்குற ஊசி. ஓனர் ஜெயவேலு சார் வந்து குனிஞ்சு பாத்தாரு. அவங்க அப்பா நெல்லு போட்ட நெலத்துலதான் இந்த ஷெட்டே நிக்குது.

"அத எடுத்துடு பேபி."

"சார், அது இல்லன்னா குட்டி பிஸ்டனுக்கு எங்க நிக்கணும்னே தெரியாது. வால்வு ஒரு தடவ துள்ளுனா ஆயில் கூடுதலா பூந்துடும், குண்டு மூடிக்கும், திரும்ப வராது. பிஸ்டன் சுத்துக்கு சுத்து வெளிய வந்துகிட்டே இருக்கும். கவருக்கு அடியில ஒரு தட்டு வெச்சு ஒசத்திடலாம் சார்."

"தட்டு வெச்சா ஒசந்தது தெரியும். பழைய கவர்லயே அடங்கும்னு லாரி கம்பெனிக்காரன்கிட்ட வாய் வுட்டுட்டேன். படிச்ச பொண்ணுதானே நீ, சுருக்க யோசி."

ஸ்டாப்பரை எடுத்தாங்க. கவர் அழகா உக்காந்துச்சு.

அன்னிக்கு இஞ்சின் ஓடிகிட்டு இருக்கு, கவர் ஓரத்துல ஆயில் கசியுது. ஏசுபாதம் அண்ணா போல்ட்டை டைட் பண்ணிகிட்டு இருந்தாரு. "கை எடுத்துக்கறேன் சார்"னு சொல்லி முடிக்கல, ஜெயவேலு சார் ஸ்விட்சைப் போட்டுட்டாரு. பிரேக் புடிச்சுது. இஞ்சின் ஒரு மாதிரி உறுமுச்சு, சந்தோஷத்துல எனக்கு சிலிர்த்துடுச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் ஒரு டணார். வால்வு போயி சிலிண்டருக்குள்ள ஓடுற பெரிய பிஸ்டன்ல இடிச்சு, ராக்கர் ஒடஞ்சு, கவரைக் கிழிச்சுகிட்டு வெளிய வந்துச்சு. அண்ணா உள்ளங்கை பொளந்து, கொதிக்கிற ஆயில்ல ரத்தம் கலந்து ஓடுது. சரசு அக்கா முந்தானையைக் கிழிச்சு கட்டுனாங்க.

மறுநாள் காலைல கட்டுப் போட்ட கையோட அண்ணா வந்தாரு. ஜெயவேலு சார் கேட்டுலயே நிறுத்திட்டாரு.

"வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவுல கேப்பு தப்பா வெச்சது நீ. இஞ்சினும் போச்சு. உனக்கு இனிமே இங்க வேலை இல்ல."

"அந்த கேப்பை பேபிப் பொண்ணுதான் ரெண்டு தபா செக் பண்ணிச்சு சார்."

"அதுகிட்ட நான் பேசிக்கறேன். நீ வெளிய நில்லு."

உள்ள வந்து கையைத் தட்டுனாரு. "இன்னொரு செட்டு இருக்குல்ல, அத டிரயல் லாரியில மாட்டுங்க. மதியம் கம்பெனிக்காரன் வரான். கல்குவாரி எறக்கத்துல லோடு வெச்சு காட்டணும். துரைராஜ், நீதான் ஓட்டணும்."

துரைராஜ் அண்ணா டிரைவர். பீடியை அணைச்சாரு. "ஓட்றேன் சார். நீங்க பக்கத்து சீட்டுல குந்துறீங்களா?"

யாரோ சிரிச்சாங்க. சாருக்கு மூஞ்சி செவந்துடுச்சு. "பேபி, கேப்பு அளக்குற கேஜை எடு."

வூட்ல என் சம்பளம்தான். இந்த பிரேக் ஓடணும்னு இங்க என்னை வுட ஆசைப்பட்டவங்க யாரும் இல்ல. ஆனா துரைராஜ் அண்ணாவை எறக்கத்துல வெச்சு நெனச்சுப் பாத்தேன்.

"ஸ்டாப்பர் போட்டா மாட்றேன் சார். ஏசுபாதம் அண்ணா உள்ள வரணும்."

"நீ சொல்லி நான் கேக்கணுமா? ஏய் சரசு, நீ வா."

"பேபி சொன்னதுதான் சார் எனக்கும்"னு சரசு அக்கா கீழயே உக்காந்துட்டாங்க. துரைராஜ் அண்ணா பக்கத்துல உக்காந்தாரு. நானும்.

சார் கேஜை எடுத்துகிட்டு தானே லாரி பம்பர் மேல ஏறுனாரு. தொழில் தெரிஞ்சவருதான், ஆனா இது தனி ஆளு வேலை இல்ல. கீழ ஒருத்தர் ஃப்ளைவீல் பல்லுல இரும்பு பார் போட்டு நெம்பி இஞ்சினை சுத்தணும், மேல ஒருத்தர் வால்வைப் பாத்து "நில்லு"ன்னு சொல்லணும். கீழ புடிச்சுகிட்டே இருக்கணும், வுட்டா ஃப்ளைவீல் பின்னால உருளும். சார் எறங்கி வந்து நெம்புனாரு, மேல ஓடுனாரு, அதுக்குள்ள உருண்டுடுச்சு. திரும்ப எறங்குனாரு. வெள்ளை சட்டை எல்லாம் கிரீஸு. எனக்கு சிரிப்பு வரல, அழுகைதான் வந்துச்சு. நாலு மில்லிமீட்டருக்கு இவ்ளோவா.

"இருங்கடா, ஆளா இல்ல ஊர்ல"ன்னு பக்கத்து லேத் பட்டறைக்குப் போனாரு. கொஞ்ச நேரத்துல துளசிங்கத்தைக் கூட்டிகிட்டு வந்தாரு. அங்க டர்னர். பார் போடத் தெரிஞ்சவரு. எனக்கு அப்படியே உள்ள இடிஞ்சுடுச்சு.

துளசிங்கம் கேட்டாண்ட ஏசுபாதம் அண்ணாவைப் பாத்து நின்னுட்டாரு. "கையில இன்னாண்ணா?"

"ஸ்டாப்பர் இல்லாம ஓட்டுனாங்கோ. ஸ்விட்சு போட்டது சாரு, கை என்னுது"ன்னு ஏசுபாதம் அண்ணா சொன்னாரு.

துளசிங்கம் கேட்டுகிட்டு திரும்புனாரு. "சார், அந்த ஊசியை வெச்சுட்டு கூப்புடுங்க, வரேன்."

"உங்க மொதலாளிகிட்ட சொல்லி உன் சீட்டையும் கிழிக்கறேன் பாரு. நாளைக்கு இந்த கேட்டே தொறக்காது, எல்லாரும் கேட்டுக்கோங்க." சார் ஆபீசுக்குள்ள போயி கதவை அறைஞ்சாரு. உள்ள ஃபோன் டயலை சுத்துற சத்தம் கேட்டுச்சு.

துளசிங்கம் ஏசுபாதம் அண்ணாவைத் தோள்ல புடிச்சு உள்ள கூட்டிகிட்டு வந்தாரு. "கொஞ்சம் தள்ளிக் குந்து அக்கா"ன்னு சரசு அக்காகிட்ட சொன்னாரு.

பக்கத்துப் பட்டறையில லேத்து ஒண்ணொண்ணா நின்னுகிட்டு இருந்துச்சு. சரசு அக்கா அந்தப் பக்கம் எட்டிப் பாத்து "வராங்க"ன்னாங்க. நாங்க எல்லாருமே இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காந்தோம்.