நாலாவது மாடியில் ஆள் இல்லை

எங்கள் கட்டடத்துக்கு அறிவு வந்தது தம்பியின் மாப்பிள்ளையால். அவருக்குத் தொழிலே அதுதான். சுவரெல்லாம் சென்சார் பதித்து, ஆள் இருக்கும் அறையைச் சூடாக்கி, இல்லாத அறையைத் தூங்க வைத்து, குழாய் கசிந்தால் கசிந்த இடத்தைத் திரையில் சிவப்பாகக் காட்டி, சொந்தக்காரருக்குச் செலவையும் குடியிருப்பவருக்குச் சிரமத்தையும் குறைத்துக் கொடுப்பார். ஒரு கட்டடம் முழுவதையும் அவர் முதன்முதலாகச் செய்தது எங்களுடையதைத்தான். பெண் எடுத்த வீட்டுக்குச் செய்து கொடுத்த பெருமை அவருக்கு. மாப்பிள்ளையின் கை பட்ட கட்டடம் என்கிற பெருமை தம்பிக்கு.

பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. தரைத்தளத்துப் பல் மருத்துவர், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மருந்து நெடி போய்விட்டது என்றார். முதல் மாடிக் கணக்காளர் அலுவலகத்தில் கடைசி ஆள் கிளம்பியதும் விளக்குகள் தாமாக அணைந்தன. முன்பெல்லாம் விடிய விடிய எரியும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து சுவரைப் பாசியாக்கிக்கொண்டிருந்தது நின்றது. இதெல்லாம் நல்லதுதான். எனக்குப் பிடிக்காதது அதன் வாய்.

லிஃப்டில் பொத்தான்களை எடுத்துவிட்டார்கள். உள்ளே நின்றால் கேமரா முகத்தைப் பார்க்கும். "வாங்க பெரியப்பா, ரெண்டாவது மாடிதானே?" என்று ஒரு பெண்குரல் கேட்கும், பதிலுக்குக் காத்திராமல் கிளம்பியும்விடும். என்னைப் பெரியப்பா என்று அழைக்கும் உரிமை தம்பி மகள் ஒருத்திக்குத்தான் உண்டு. இரும்புப் பெட்டிக்குக் கிடையாது. அந்தக் குரலின் குழைவு, முன்பின் தெரியாதவன் தோளில் கைபோட்டதைப் போலக் கூசியது. அன்றிலிருந்து நான் படியில்தான் ஏறி இறங்குகிறேன்.

அந்தப் படியில்தான் ஒரு நாள் என் தங்கையைப் பார்த்தேன்.

அவள் நாலாவது மாடியில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூன்றாவது மாடியில் தம்பி குடும்பம், இரண்டாவதில் நான். அப்பா கட்டடத்தை எங்கள் மூவர் பேரிலும் எழுதி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். தங்கைக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருக்கிறது. அப்படிப்பட்டவள் கையில் பையோடு, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று நின்று ஏறிக்கொண்டிருந்தாள்.

"லிஃப்டுக்கு என்னாச்சு?"

"நல்லாத்தானே ஓடுது."

"அப்புறம் ஏன் படி?"

"நீங்க மட்டும் ஏறலாமா? நானும் கொஞ்சம் இளைச்சுக்கிறேனே."

எலும்பும் தோலுமாக இருப்பவள் இளைக்க வேண்டுமாம். பையை வாங்கிக்கொண்டு கூடவே ஏறினேன்.

கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர் அறைந்தது. வெளியே எங்கள் மலையூர்ப் பனிக்காலம், அந்த அறை வெளியைவிட மோசம். அவள் போட்டிருந்த ஸ்வெட்டருக்கு மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஏதோ பேச்செடுத்தாள். விளக்கு அணைந்தது. பேச்சை நிறுத்தாமல் கையை உயர்த்தி ஆட்டினாள், எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அணைந்தது. மறுபடி கை எழுந்து ஆடியது. அவள் அதை நினைத்துச் செய்யவில்லை. ஈ ஓட்டுகிற மாடு வாலை நினைத்தா ஆட்டுகிறது?

"என்ன கூத்து இது?" என்றேன்.

"அசைஞ்சா எரியும். அசையலேன்னா அணைஞ்சிடும். யாரோ பெருக்க வந்த ஆளுன்னு நினைச்சுக்குது போல."

"ஹீட்டர்?"

"அது வராது. லிஃப்ட்ல ஏறினா, 'வாங்க அத்தை'ன்னு சொல்லி மூணாவது மாடில தம்பி வீட்டு வாசல்ல கொண்டு போய் விடுது. நாலாவதுன்னு சொன்னா, 'நாலாவது மாடியில் ஆள் இல்லை, அத்தை'ங்குது. நான்தான்டி அந்த ஆளுன்னு அதுகிட்ட எப்படிச் சொல்றது? தம்பி பொண்டாட்டி கதவைத் திறந்து, 'என்ன அண்ணி, இன்னிக்கும் வேவு பாக்க வந்தாச்சா?'ன்னு கேக்கிறா. சிரிச்சுக்கிட்டேதான் கேக்கிறா. அதான் படி."

எழுந்து போய்க் குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். விரல் விறைத்தது.

"ஆள் இல்லாத மாடிக்கு வெந்நீர் எதுக்குண்ணா?" என்றாள் பின்னாலிருந்து.

"இதையெல்லாம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"மாப்பிள்ளை வச்சதாச்சே. நான் குறை சொன்னா சுத்திச் சுத்தி நம்ம பொண்ணு வாழ்ற வீட்டுக்குப் போகும். 'உங்க வீட்டுக்குச் செஞ்சு குடுத்தும் பேச்சு கேக்கணுமா'ம்பாங்க. எனக்கென்ன, ரெண்டு ஸ்வெட்டர் இருக்கு."

என் அப்பா கட்டிய வீட்டில், அவர் பெற்ற பெண், விளக்கு எரிவதற்காகச் சுவரைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருக்கிறாள்.

நேரே மூன்றாவது மாடிக்கு இறங்கினேன். மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வந்திருந்தார். மடியில் டேப்லெட். பக்கத்தில் தம்பி, புதுப் படம் பார்க்கிறவன்போல அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை, நாலாவது மாடில யார் இருக்காங்க?"

திரையைத் தடவினார். "யாரும் இல்லையே, பெரிய மாமா."

"அப்ப என் தங்கச்சி எங்க இருக்கா?"

மேலும் கீழும் தடவினார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நடந்தது இவ்வளவுதான். மூன்றாவது மாடிக்காரர்களை அவரே பதிந்திருக்கிறார்: மாமா, அத்தை. மற்றவர்களைத் தன் மனைவியிடம் கேட்டுப் பதிந்திருக்கிறார்: பெரியப்பா, அத்தை. அவர் அத்தை என்றால் மாமியார். அவள் அத்தை என்றால் அப்பாவின் அக்கா. ஒரே குடும்பத்தில் ஏறக்குறைய ஒரே வயதில் இரண்டு அத்தைகளைப் பார்த்த எந்திரம், ஒருத்தியைத் தவறுதலாக இரண்டு தடவை எழுதிவிட்டார்கள் என்று முடிவு செய்து, இரண்டு முகத்தையும் ஒருத்தியாக்கி மூன்றாவது மாடியில் குடிவைத்துவிட்டது.

"உங்க மனைவிக்கு அத்தைன்னா உங்களுக்குப் பெரியம்மா முறை," என்றேன். "இவ்வளவு அறிவு வச்ச கட்டடத்துக்கு முறை சொல்லிக் குடுக்க மறந்துட்டீங்களே."

"என் தப்புதான், பெரிய மாமா. ரெண்டு நிமிஷ வேலை, இப்பவே பிரிச்சுடறேன்."

தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "இருங்க மாப்பிள்ளை. புதன்கிழமை அவர் வரார்ல?"

ஊரில் பல கட்டடங்களை வாடகைக்கு விட்டிருக்கும் ஒருவர், எங்கள் கட்டடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப் போனால் தன் கட்டடங்கள் எல்லாவற்றையும் மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பாராம்.

"ஒரு மாடி முழுக்கத் தூங்குது பாருங்கன்னு நாம காட்டப் போறதே நாலாவது மாடியத்தான் அண்ணா. இப்பப் போய் எழுப்பினா கோடு மேல ஏறிடும்," என்றான் தம்பி.

"எந்தக் கோடு?"

"செலவுக் கோடு. இதோ, இந்தப் பச்சைக் கோடு. எவ்வளவு அழகா இறங்குது பாருங்க."

பார்த்தேன். தங்கை குளிரில் நடுங்கிய நாட்கள் பச்சை நிறத்தில் அழகாக இறங்கிக்கொண்டிருந்தன.

"கொஞ்ச நாள்தானே," என்றாள் தம்பி மனைவி. "வெந்நீர் வேணும்னா அண்ணி இங்க வந்து குளிக்கட்டும். எப்படியும் தினம் வந்து நிக்கிறவங்கதானே."

"அன்னிக்கு மட்டும் அக்காவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிடுங்க அண்ணா," என்றான் தம்பி. "மாப்பிள்ளைக்குப் பேர் கிடைச்சா நம்ம குடும்பத்துக்கும் மானந்தானே?"

சாப்பிடுகிற தட்டில் யாரோ துப்பியதுபோல் இருந்தது எனக்கு. மானம் என்ற சொல்லை இவன் வாயில் அதுவரை நான் கேட்டதில்லை. முதல் தடவையாக எடுத்தவன் இதற்கு எடுத்திருக்கிறான். மாப்பிள்ளை டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். மாமனாரை எதிர்த்துப் பேசவும் முடியாமல், என்னைப் பார்க்கவும் முடியாமல் அவர் நெளிந்தது தெரிந்தது.

"என் தங்கச்சி எங்க இருக்கணுமோ அங்க இருப்பா," என்று சொல்லிவிட்டு எழுந்தேன். தம்பி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

புதன்கிழமை நான் நாலாவது மாடிக்குப் போனபோது தங்கை வெளியே கிளம்புகிற மாதிரி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். தம்பி அவளிடமும் சொல்லியிருக்கிறான்.

"உக்காரு," என்றேன்.

"வேணாம்ணா. மாப்பிள்ளை முகம் வாடிடும். பாவம், சின்னவர்."

"நீ உன் வீட்ட விட்டு ஒளிஞ்சு போனா எங்க எல்லார் முகத்துலயும் கரி. உக்காரு. கைய மட்டும் ஆட்டாத."

எதிரெதிரே உட்கார்ந்தோம். ஆள் இல்லாத அறை என்பதால் ஜன்னல் திரைகளும் இறங்கியிருந்தன. விளக்கு அணைந்தது. இருட்டில் அவள் பல் தந்தியடிப்பது கேட்டது. "ரெண்டு பேரும் திருடங்க மாதிரி இருக்கோம்ணா," என்று சொல்லி அடக்க முடியாமல் சிரித்தாள்.

லிஃப்ட் நின்றது. தம்பியின் குரல் முன்னால் வந்தது. "இந்த மாடில ஆளே கிடையாது சார். யாரும் சொல்ல வேண்டியதில்ல, கட்டடமே தெரிஞ்சு வச்சிருக்கு."

கதவு திறந்தது. நான் கையை ஆட்டினேன். விளக்கு எரிந்தது.

"வாங்க," என்றேன். "அந்த இல்லாத ஆளுங்க நாங்கதான்."

வந்தவர் நல்ல கோட்டுப் போட்டு, வாசனை பூசி, பெரிய மனிதத் தோரணையோடு இருந்தார். கையை நீட்டினார். வீட்டுக்கு வந்தவர் என்ற மரியாதைக்குக் குலுக்கினேன். ஈரமான, எலும்பே இல்லாததுபோன்ற கை.

"இவங்க இங்கதான் குடியிருக்காங்க சார்," என்றார் மாப்பிள்ளை. அவர் குரல் இறங்கியிருந்தது, ஆனால் தடுமாறவில்லை. "நான் பேரைத் தப்பா ஏத்திட்டேன். கட்டடம் இவங்கள இல்லைன்னு எடுத்துக்கிச்சு."

கோபப்பட்டுத் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கண் விரிந்தது.

"அப்ப, ஆள் உள்ள இருக்கும்போதே இதெல்லாம் நின்னு போச்சா? வெந்நீர், ஹீட்டர் எல்லாம்?"

"ஆமா சார்."

"புகார் எதுவும் வரல?"

"வரல."

மாப்பிள்ளையை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

"எங்கிட்ட சிலதுங்க காலி பண்ண மாட்டேன்னு உக்காந்திருக்குங்க. வயசானதுங்க. வாடகையும் ஒழுங்காக் கட்டித் தொலையுதுங்க, சட்டப்படி ஒண்ணும் பண்ண முடியல. அந்த வீடுங்களுக்கு மட்டும் இப்படி 'ஆள் இல்லை'ன்னு வச்சு விட முடியுமா? யாராச்சும் கேட்டா எந்திரத்துத் தப்புன்னு சொல்லிக்கலாம். என்ன?"

உள்ளங்கையில் அவர் கை இன்னும் ஒட்டியிருப்பதுபோல் இருந்தது. வேட்டியில் துடைத்தேன். போகவில்லை.

"ஏன் சார் முடியாது?" என்று முந்திக்கொண்டான் என் தம்பி. என்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவன். "மாப்பிள்ளை மனசு வச்சா..."

"முடியாது," என்றார் மாப்பிள்ளை.

"இங்கயே நடந்திருக்கே?" என்றார் வந்தவர்.

"அது என் தப்பு சார். அத நான் விக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு டேப்லெட்டைத் திறந்துகொண்டு தங்கையிடம் வந்தார். மாமனார் பக்கம் திரும்பவே இல்லை. "பெரியம்மா, உங்களத் தனியாப் பிரிச்சுடறேன். உரிமையாளர், குடியிருப்பவர், வருகையாளர்னு மூணு இருக்கு. குடியிருப்பவர்னு..."

"உரிமையாளர்ல போடுங்க," என்றாள் தங்கை. "எங்கப்பா அப்படித்தான் எழுதி வச்சிருக்கார்."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது தெரியாது என்பது முகத்திலேயே இருந்தது. யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"சரிங்க. கூப்பிடறதுக்கு என்ன போடட்டும்? பெரியம்மான்னா?"

"வீட்டுக்காரின்னு போடுங்க."

"அக்கா, இதெல்லாம் ஒரு பேரா?" என்றான் தம்பி.

"நீ மாமான்னு வச்சுக்கிட்டல்ல? எனக்கு இது போதும்." பிறகு வந்தவரைப் பார்த்தாள். பரிசோதனைக்கூடத்தில் கெட்டுப்போன குப்பிகளை இப்படித்தான் பார்த்திருப்பாள். "வீட்டுக்காரியாவே சொல்றேன். நீங்க கிளம்பலாம்."

அவர் சிரித்துக்கொண்டேதான் போனார். இந்த மாதிரி ஆட்களுக்கு ரோஷம் வருவதில்லை; வேறு கடை பார்ப்பார்கள்.

"மானத்த வாங்கிட்டீங்களே அண்ணா!" என்றான் தம்பி.

"உன் மானம் அவர்கூட லிஃப்ட்ல இறங்கிட்டு இருக்கு. ஓடிப் போய்ப் பிடி."

கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவன் நிஜமாகவே ஓடினான். படியில் தடதடவென்று இறங்கி, "சார், சார், ஒரு நிமிஷம்" என்று அவன் கூப்பிட்டது தரைத்தளம்வரை எதிரொலித்தது. பல் மருத்துவரிடம் வந்திருந்தவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். மாப்பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்காதவர்போல் திரையில் குனிந்து ஏதோ அழுத்திக்கொண்டிருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

ஜன்னல் திரைகள் மெல்ல மேலே ஏறின. சுவருக்குள் ஏதோ முனகிற்று. காலடியில் இளஞ்சூடு பரவியது. விளக்கு அணையவில்லை. தங்கை பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினாள், பாதியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மேல் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள்.

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். முதலில் சில்லென்று வந்தது, பிறகு ஆவி பறந்தது. அந்த ஆள் குலுக்கிய கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினேன். போதவில்லை. மறுபடி சோப்புப் போட்டேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்ணா?" கதவைத் தட்டினாள் வீட்டுக்காரி. "நான் குளிக்கணும்."