நாலாவது திருகாணி

ஊரில் எல்லோரும் அவளைப் பூட்டுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பாவிடமிருந்து கடையும் வந்தது, பட்டப்பெயரும் வந்தது, கூடவே யாரையும் சட்டென்று நம்பாத புத்தியும் வந்தது. பால்காரர் சிரித்தால்கூட இன்றைக்குத் தண்ணீர் கூடுதலோ என்று யோசிப்பாள். "உனக்கு இது தொழில் வியாதி" என்பார் அவள் புருஷன். கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவர். ஊருக்கு வாத்தியார், கிண்டல் பண்ணும்போது அவளுக்கும் வாத்தியார்தான்.

அன்று காலை அரசு மாளிகையிலிருந்து ஆள் வந்து அழைத்தபோதே அவள் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். வேலை, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில். அந்த அறையைத் தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளை நாட்டிலேயே கிடையாது. வெள்ளைக்காரன் தன்னை எதிர்த்தவர்களை அதில்தான் அடைத்தான். அதில் பதினோரு மாதம் கிடந்தவரே நாட்டின் முதல் தலைவரானார். விடுதலை வந்த அன்று அறைக் கதவைக் கழற்றச் சொல்லிவிட்டு, கழற்றி முடிக்கிறவரை நின்று பார்த்தார். பதினைந்து வருஷத்தில் ஜெனரல் வந்தார், கூடவே கதவும் திரும்பி வந்தது. ஜெனரல் போய்த் தேர்தல் வந்தபோது கதவு கிடங்குக்குப் போனது, அறை நினைவிடமானது. வாசலில் உள்ள பலகையின் வாசகம் வாத்தியார் எழுதியது: 'ஜெனரல் ஆட்சியில் நாற்பத்தொரு பேர் இங்கே அடைக்கப்பட்டார்கள். ஒன்பது பேர் வீடு திரும்பவில்லை. இனி இந்த அறைக்குக் கதவு கிடையாது.'

இப்போது நாடு வல்லரசு. சொந்தமாக ராக்கெட் விடுகிறது, அக்கம்பக்கத்து நாடுகளுக்குப் புத்தி சொல்கிறது. அப்பேர்ப்பட்ட வல்லரசுக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு கதவு வேண்டுமாம்.

"பழைய கதவையே மாட்டிடலாம். பூட்டு மட்டும் புதுசா போடுங்க," என்றார் மாளிகை மேலாளர். "நினைவிடத்துல சாமான் திருடு போகுது."

அங்கே இருந்ததே ஒரு ஓட்டைப் பாயும் ஒரு தகரக் குவளையும். அதை எந்த மகராசன் திருடப் போகிறான்?

"உள்ளேருந்தும் திறக்கிற மாதிரிதானே சார்? பிள்ளைங்க வர்ற இடம். ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சுன்னா?"

"வெளிப்பக்கம் மட்டும் போதும். அப்புறம், கதவுக்குக் கீழே ஒரு திறப்பு விடுங்க. இவ்வளவு உயரம்."

"அது எதுக்கு சார்?"

"காத்துக்கு."

காற்றுக்கு யாராவது தரையோடு வழி விடுவார்களா? அவர் கையால் காட்டிய அளவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு தாராளமாக நுழையும். படியேறப் போனவர் திரும்பி, "வீட்டுக்காரர் நல்லா இருக்காரா? பத்திரிகையில இன்னும் எழுதிட்டுத்தான் இருக்காரா?" என்று சிரித்தபடி கேட்டார். தனக்குக் கல்யாணம் ஆனதையே அவள் அவரிடம் சொன்னதில்லை.

கிடங்கிலிருந்து வந்த கதவில் பழைய பூட்டு அப்படியே இருந்தது. அது அவள் அப்பா போட்ட பூட்டு. 'ஜெனரலுக்குப் பூட்டுப் போட்டவன் மகள்' என்று பள்ளியில் பக்கத்தில் உட்காரக்கூட ஆள் கிடைக்காமல் போனது அந்தப் பூட்டால்தான். அப்பா யாருக்கும் பதில் சொல்லாமலே செத்துப்போனார். அவளும் அவரை மன்னிக்கவில்லை.

திருப்புளியை வைத்து முதல் திருகாணியைத் திருப்பினாள். அரைச் சுற்றிலேயே கையோடு வந்துவிட்டது. வெறும் தலை, பலகைக்குள் போகவே இல்லை. இரண்டாவதும் அப்படித்தான், மூன்றாவதும் அப்படித்தான். நாலாவது மட்டும் அசையவில்லை. கதவைப் புரட்டிப் போட்டுப் பார்த்தாள். உள்பக்கம் அழகுக்காக அடித்த குமிழ் ஆணிகளின் வரிசையில், மேலிருந்து மூன்றாவதாக இருந்தது ஆணி அல்ல, திருகாணி. மொத்தப் பூட்டையும் தாங்கியது, கதவை ஊடுருவிப் போன அந்த நாலாவது ஒன்றுதான். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பை அதன் தலையிலுள்ள பள்ளத்தில் வைத்துத் திருப்பினால் போதும், உள்ளே இருப்பவன் வெளியே நடந்து போகலாம்.

பள்ளம் நிறைய அந்தக் காலத்துப் பெயிண்ட் அப்படியே காய்ந்து கிடந்தது. ஒருவரும் அதைத் தொட்டதே இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது, அழுகையோடு ஆத்திரமும் வந்தது. யாரிடமாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அப்பா? எவன் காட்டிக்கொடுப்பானோ என்று பயந்து பெற்ற மகளிடம்கூட மூச்சு விடவில்லை. நாற்பத்தொரு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் வழியை வைத்துக்கொண்டு உள்ளேயே கிடந்திருக்கிறார்கள்.

புதுப் பூட்டை அப்பா போட்ட மாதிரியே போட்டாள். குமிழ் வரிசையில் அதே மூன்றாவது இடம். மேலாளர் வந்து கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, "பிரமாதம்" என்றார்.

அதே மாதிரி இன்னொன்றை, குமிழ் வரிசையோடு, வீட்டுச் சாமான் அறைக் கதவில் மாட்டினாள். சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த புருஷனைச் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் உள்ளே தள்ளிப் பூட்டினாள்.

"ஏய், என்ன விளையாட்டு இது?"

"உள்ள ஒரு தட்டு இருக்கு பாருங்க."

"இருக்கு. அதுல சாப்பாட்டைத்தான் காணோம்."

"கண்ணை மூடிக்குங்க. மேலேருந்து மூணாவது குமிழைத் தடவிக் கண்டுபிடிங்க. தட்டு விளிம்பை அதுல வெச்சு இடப்பக்கமா திருப்புங்க."

உள்ளே அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சும்மா. பலகையில எழுதியே வெச்சிருக்கேனே!"

கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, தட்டு நுழையும் திறப்பைப் பற்றிச் சொன்னாள். மேலாளர் அவரை விசாரித்ததையும் சொன்னாள். சிரிப்பு நின்றது. பிறகு தட்டு உரசும் சத்தம் கேட்டது. இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை பூட்டு அவள் காலடியில் வந்து விழுந்தது.

வாத்தியார் தட்டும் கையுமாக வாசலில் நின்றார்.

"பத்திரிகையில என்னோட சேர்ந்து அரசாங்கத்தை எதிர்த்து எழுதறவங்க நாலு பேர் இருக்காங்க," என்றார். "அவங்களுக்கும் இது தெரியணும். ஆனா அந்த நாலு பேர்ல ஒருத்தன் நாங்க பேசறதை வெளியே சொல்றான். யாருன்னுதான் தெரியலை."

அவள் குனிந்து பூட்டை எடுத்தாள். அப்பா வாயை மூடிக்கொண்ட இடம் இதுதான். மூடச் சொல்லி அவள் புத்தியும் கத்தியது. பூட்டை மறுபடி கதவில் மாட்டினாள்.

"நாலு பேரையும் கூட்டிட்டு வாங்க," என்றாள்.