டீச்சருக்கு ஐம்பது பன்றி

பெண் கேட்டு வந்தவர்கள் தலைநகரம் மோர்ஸ்பி பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். மீன் உண்டு, தென்னை உண்டு, பன்றி மட்டும் அவ்வளவாகக் கிடையாது. அது தெரிந்துதான் பெண்ணின் சித்தப்பா கெருவா எழுந்து நின்று, "எங்க டீச்சருக்குப் பரிசம் அம்பது பன்னி" என்றார்.

பத்துப் பன்றிக்குப் பெண் கொடுக்கிற சிம்பு மலை அது. டீச்சர் ருபீனாவோடு கல்லூரியில் படித்த மாப்பிள்ளை வாகியின் முகம் செத்துப்போனது.

ருபீனாவுக்கு வந்த கோபத்தில் பாதி தன்மேலேயேதான். ஊரே காப்பிக்கொட்டை விற்று அவளைப் படிக்க வைத்தது. வாத்தியாராகி வந்து இந்தப் பிள்ளைகளைக் கரையேற்றுவேன் என்று சர்ச்சில் எல்லோர் முன்னாலும் சொன்னவள் அவள். யாரும் கழுத்தைப் பிடித்துச் சொல்லச் சொல்லவில்லை. பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம் அவள் வந்துதான் திறந்தது. அவள் போனால் மறுபடியும் பூட்டுதான். வெளியூர் வாத்தியார் எவரும் இங்கே ஒரு மழைக்காலம் தாங்கியதில்லை.

"என்னைக் கட்டியும் குடுக்க மாட்டீங்க, விடவும் மாட்டீங்களா சித்தப்பா?"

"என்ன மவளே இப்படிச் சொல்லிட்டே! ஊர்ல எவளுக்கு அம்பது கேட்டிருக்கோம்? உனக்குப் பெருமைடி இது!"

சுற்றியிருந்த பெண்கள் ஆமாம் போட்டார்கள். அந்தப் பெருமையைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டியதுதான்.

கிளம்பும்போது வாகி மெல்லச் சொன்னான்: "நாளைக்கு டவுன்ல காத்திருப்பேன். யாரையும் கேக்காம வந்துடு."

விடிந்ததும் ருபீனா பையோடு சாலையில் நின்றாள். மலைக்கு இருப்பது ஒரே லாரி. ஓட்டுகிற போமாய் அவளையும் பையையும் பார்த்து எஞ்சினை அணைத்தான்.

"ஏன் நிறுத்தறே? எடு வண்டியை."

"எடுக்கறேன் டீச்சர். உங்களைத் தடுக்க நான் யாரு?" அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தே பேசினான். "நேத்து எம் பொண்ணு மருந்து பாட்டிலைப் படிச்சுக் காட்டினா. மேல பூசுற மருந்தாம். அவ அம்மாவுக்கு அதை நான் குடிக்கக் குடுத்துட்டு இருந்திருக்கேன்."

சொல்லிவிட்டு இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டான்.

பாவி, மறித்து நின்றிருந்தால் தள்ளிவிட்டு ஏறியிருப்பாள்.  ருபீனா ஏறாமல் கதவைத் தானே சாத்தினாள்.

"டவுன்ல ஒருத்தர் நிப்பார். காத்திருக்க வேணாம்னு சொல்லிடு."

லாரி வளைவில் மறைந்தது.  வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. அதற்குள் சரிவிலிருந்து பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்!" என்று ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.